குதிரை வேண்டாம்

மெயில் வந்த நேரத்தில் கேடயக்கா பாலத்தின் நடுவில் நின்று மூன்று பேரிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். கேடயத்தை இறக்காமல், திரையின் ஓரத்தில் முளைத்த கடிதத்தை ஓரக்கண்ணால் படித்தாள். 'அன்புள்ள வீரரே, உங்களைப் பார்த்து வெகு நாளாயிற்று. எங்களை மறந்துவிட்டீர்களா? திரும்பி வாருங்கள். வந்ததும் ஒரு குதிரை இலவசம்.'

"இங்கதானே நிக்கிறேன், உனக்குக் கண்ணு என்ன பின்னாடியா இருக்கு" என்று விளையாட்டை நடத்தும் கம்பெனிக்காரனைக் கேட்டாள். அது அவன் காதில் எங்கே விழப்போகிறது? வருஷா வருஷம் இந்தக் கடிதம் வரும். அவளுக்கு மட்டுமில்லை, பாலத்தில் நிற்கும் அத்தனை பேருக்கும் வரும். தினமும் சாயங்காலம் தவறாமல் வந்து மண்டையை உடைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்து, காணோமே காணோமே என்று உருகுவான். இவர்களும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்திக் குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சும்மா வருகிறதை எவன் விடுவான்? கேடயக்காவின் லாயத்தில் ஏற்கெனவே ஒன்பது குதிரை நின்றது. இந்த வருஷமும் அழுத்தினாள். வினை அங்கேதான் பிடித்தது.

கேடயக்கா என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. வீட்டிலும் வேலையிலும் அவள் வேறு ஆள். பல் செட் செய்து கொடுக்கும் லேப் ஒன்றில் இருபது வருஷமாக வேலை. ஒரு கட்டடத்தின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத நீள அறை. மேஜை முழுக்கப் பிளாஸ்டர் தூள், மெழுகு, சின்ன கேஸ் அடுப்பு. பல் டாக்டர்கள் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறை மெழுகில் செதுக்கி, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, மேலும் கீழும் கடித்தால் ஒட்டுகிறதா என்று பார்த்து அனுப்புவது இவள் வேலை. இவள் வைத்த பல்லோடு எத்தனையோ பேர் ஊரில் சிரித்துக்கொண்டு திரிகிறார்கள், ஒருத்தருக்கும் இவளைத் தெரியாது. நன்றியெல்லாம் டாக்டரோடு நின்றுவிடும். 'கடிக்குது, குத்துது' என்கிற குறை மட்டும் பத்திரமாக இவளிடம் வந்து சேரும். முதலாளி அவளைக் கூப்பிடுவது "ஏம்மா". வீட்டுக்காரரின் சொந்தங்களுக்கு அவள் "அவன் பொண்டாட்டி". அவ்வளவுதான்.

பாலத்தில் அப்படி இல்லை. அங்கே அவள் வந்தால் முன்வரிசை விலகி வழி விடும்.

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு வீரனை உருவாக்கி, வாள் தூக்கி, மிருகத்தைக் கொன்று, லெவல் ஏறுகிற விளையாட்டு. ஒரே உலகத்தைப் பல படி எடுத்துத் தனித்தனியாக ஓட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் சர்வர் என்று பெயர். ஒரு சர்வரில் இருப்பவனை இன்னொன்றில் பார்க்க முடியாது. கேடயக்கா இருந்தது ஆகப் பழைய சர்வர். ஒரு காலத்தில் அங்கே நடக்க இடம் இல்லை. பிறகு கம்பெனி புது சர்வர் திறந்தது. திறந்ததும் பாதிப் பேர் அடித்துப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடினார்கள். அங்கே எல்லாரும் முதலில் இருந்து தொடங்கலாம், முதல் ஆளாக மலையேறலாம் என்று ஆசை. ஒரு வருஷத்தில் அதுவும் புளித்துப்போய், அதைவிடப் புதுசுக்கு ஓடினார்கள். ஓடி ஓடி எதைக் கண்டார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

பழைய சர்வரில் ஓடாமல் மிஞ்சியது பாலத்துக் கூட்டம் ஒன்றுதான். ஆற்றின் குறுக்கே ஒரு கல் பாலம், இந்தக் கரை ஒரு சேனை, அந்தக் கரை ஒரு சேனை, சாயங்காலமானால் சண்டை. முப்பதாம் லெவல் வரைக்கும் உள்ளவர்களுக்கு மட்டும்தான் பாலம் திறக்கும். முப்பத்தொன்று ஆனால் காவலாளி உள்ளே விடமாட்டான். அதனால் பாலத்துக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முப்பதை விளிம்பு வரைக்கும் நிரப்புவார்கள், தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கும் பூட்டுக்காரனிடம் போய் அனுபவத்தைப் பூட்டிக்கொள்வார்கள். பூட்டிவிட்டால் எதைக் கொன்றாலும் ஒரு துளி அனுபவம் ஏறாது. பூட்டைத் திறந்து ஓர் எறும்பை மிதித்தால் போதும், முப்பத்தொன்று ஆகிவிடும், பாலம் போச்சு. கேடயக்கா பூட்டிப் பத்து வருஷம் ஆகிறது.

இன்னொன்றும் உண்டு. சண்டை தொடங்கும் முன்னால் கேடயக்கா இரண்டு தடவை குதிப்பாள். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. லேப்பிலிருந்து அவளோடு வரும் பிளாஸ்டர் தூள் எவ்வளவு துடைத்தாலும் கீபோர்டில் இறங்கிவிடும். ஸ்பேஸ் கீ அடிக்கடி மாட்டிக்கொள்ளும். மாட்டுகிறதா என்று பார்க்க இரண்டு தட்டு. திரையில் அவளுடைய ஆள் இரண்டு குதி குதிப்பாள். இதை ஏதோ மந்திரம் என்று நினைத்து அவள் பின்னால் நிற்கும் இருநூற்றுச் சொச்சம் பேரும் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "அக்கா குதிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாளை உருவுவார்கள். பிளாஸ்டர் கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மரியாதையாக இருந்தது, விட்டுவிட்டாள்.

குதிரை வாங்கிய மறுவாரம் தலைநகரத்துப் பலகையில் அறிவிப்பு வந்தது. 'பழைய சர்வரில் உயிரோட்டம் குறைந்துவிட்டது. மாத இறுதிக்குள் உயிருள்ள வீரர்கள் ஐந்நூறு பேர் இல்லாவிட்டால் சர்வர் மூடப்படும். வீரர்கள் புதிய சர்வருக்கு மாறிக்கொள்ளலாம்.' கீழே இன்றைய கணக்கு: முப்பத்தாறு.

அந்த நேரம் பாலத்தின் மேல் மட்டும் ஐந்நூறு பேர் வெட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

"நாம என்ன ஆவியா?" என்று கேட்டான் கொல்லன். கேடயக்காவின் பக்கத்து ஆள் அவன். வெளியே பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான், உள்ளே எல்லாருடைய வாளையும் தட்டி நிமிர்த்துகிறான். படம் படமாக எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். பாலம், கூட்டம், ரத்தம், எல்லாம் தெளிவாகத் தெரிகிற படங்கள். இரண்டு நாளில் பதில் வந்தது, தேன் தடவிய பதில். உயிருள்ள வீரர் என்றால் அந்த மாதத்தில் ஒரு துளியாவது அனுபவம் பெற்றவர். மேலும், தாங்கள் குறிப்பிட்ட அனைவரும் 'வெகுநாள் கழித்துத் திரும்பியோர்' குதிரையை ஒவ்வோர் ஆண்டும் தாங்களாகவே ஏற்றவர்கள். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை எட்டிப்பார்ப்பவர்கள் என்றே எங்கள் கணக்கு சொல்கிறது. தங்கள் அன்புக்கு நன்றி.

கேடயக்கா அதை இரண்டு தடவை படித்தாள். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது. பத்து வருஷம் பூட்டிக்கொண்டு நின்றது, அவன் கணக்கில் பத்து வருஷம் செத்துக் கிடந்தது. அதற்குச் சாட்சிக் கையெழுத்தை இவர்களே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், ஒரு மரக்குதிரை மாதிரி நடக்கிற சப்பைக் குதிரைக்காக.

தம்பி போன் பண்ணினான். கூடப் பிறந்தவன், வேறு ஊரில் ஏசி மெக்கானிக். இந்த விளையாட்டுக்கு அவளை இழுத்துவந்ததே அவன்தான். அவன் ஆகக் கடைசி லெவலான அறுபதைத் தொட்ட, இனி அனுபவம் ஏற வழியில்லாத மந்திரவாதி, பழைய சர்வரில் பெரிய படைக்குத் தலைவன். நான்கு வருஷத்துக்கு முன்னால் புது சர்வர் திறந்த அன்றைக்கு, படையோடு கிளம்பிப் போய்விட்டான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் வேலை முடிந்து வந்து உள்ளே நுழைந்தபோது படையின் கோட்டையில் ஒரு ஈ காக்கை இல்லை. அதற்கப்புறம் அவனோடு பேசுவாள். ஆனால் 'சாப்டியா, உடம்பு எப்படி' என்கிற அளவுக்குத்தான்.

"மூடப்போறாங்களாமே" என்றான்.

"சொல்றாங்க."

"பேசாம இங்க வந்துடுக்கா. மாத்திவிடுறது நிமிஷ வேலை. நான் பாத்துக்கறேன்."

"ஒரு தடவை வந்தேன்டா உன் ஊருக்கு. மறந்துட்டியா?"

அவன் மறந்திருக்க மாட்டான். ஒரு நாள் பார்க்கலாமே என்று அவள் அங்கே ஓர் ஆளை உருவாக்கி ஒரு குகைச் சண்டைக்குப் போனாள். முன்னால் போய் நின்று கேடயத்தைத் தூக்கி, கீ மாட்டுகிறதா என்று இரண்டு தடவை குதித்தாள். 'யாருடா இந்தக் கோமாளி, நேரத்தை வீணாக்குது' என்று எழுதி, அவளைக் குழுவிலிருந்து தூக்கி எறிந்துவிட்டார்கள். தூக்கி எறிந்தவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாது, அவள் பெயர் அவனுக்கும் தெரியாது. அங்கே ஆயிரக்கணக்கில் ஆள், யாரையும் யாருக்கும் தேவையில்லை.

"அது யாரோ ஒரு சின்னப் பய பண்ணது. அதுக்காக எல்லாரையும் சொல்லலாமா?"

"நான் யாரையும் சொல்லலை. வரலைன்னு சொல்றேன்."

"அப்போ மூடினதும் எங்க போவ?"

"மூடட்டும் முதல்ல" என்று போனை வைத்தாள்.  எங்கே போவாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விளையாட்டு போகிறதே என்று இல்லை, கேடயக்கா போகிறாளே என்றுதான் வலித்தது. 'ஏம்மா'வாக மட்டும் மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

வழி இரண்டு இருந்தன, இரண்டுமே கேடு. பூட்டைத் திறந்து எறும்பை மிதிக்கலாம். உயிருள்ள கணக்கில் சேர்வார்கள், ஆனால் ஐந்நூறு பேரும் முப்பத்தொன்று ஆகிவிட்டால் பாலத்தில் நிற்க ஆள் ஏது? சர்வர் பிழைக்கும், பாலம் சாகும். புதுசாக அக்கவுண்ட் தொடங்கலாமா என்றால், புது அக்கவுண்டுக்குப் பழைய சர்வரில் இடமே கிடையாது. இருக்கிற அக்கவுண்டிலும் ஒருவருக்கு ஓர் ஆள்தான், அது அந்த சர்வரின் ஆதி காலத்துச் சட்டம்.

மறுநாள் லேப்பில் ஒரு கீழ்த்தாடை செட்டை மெழுகில் நிறுத்திக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பல் நின்ற பிறகு கடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் தூக்குகிறது. இங்கே சுரண்டினாள், அங்கே தட்டினாள், மசியவில்லை. பல்லையெல்லாம் பிடுங்கித் தட்டில் போட்டு, மெழுகை மொத்தமாகச் சூடு காட்டி வழித்தாள்.

எதிர் மேஜையில் பாலிஷ் போடுகிறவர் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "திரும்பவும் முதல்லேர்ந்தா?"

"பின்ன? இதைக் கட்டிட்டு அழுதா கடி சரியாயிடுமா" என்றாள். சொன்ன வாய் அப்படியே நின்றது. மெழுகுக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உடம்புக்கு முடியவில்லையா என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

அன்று சாயங்காலம் பாலத்தில் சண்டை நடக்கவில்லை. கேடயக்கா வாளைக் கீழே போட்டுவிட்டு நடுவில் போய் உட்கார்ந்தாள். இந்தக் கரை உட்கார்ந்தது. கொஞ்சம் முறைத்துவிட்டு அந்தக் கரையும் உட்கார்ந்தது. அவள் சொன்னது ஒரே விஷயம். முப்பதாம் லெவல் ஆளை அழித்துவிடுவோம். ஒன்றாம் லெவலில் புதுசாகப் பிறப்போம். ஓர் எலியை அடித்தால் உயிருள்ளவர் கணக்கு. பாலம் ஒன்றிலிருந்து முப்பது வரைக்கும் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கிறது. புதியவர்களுக்குக் கொடுக்கிற குச்சியை வைத்துக்கொண்டு சண்டை போடுவோம்.

 எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள். 'என் வில் எட்டு வருஷத்து வில்.' 'என் கவசம் இனிமேல் கிடைக்கவே கிடைக்காது.' 'அக்காவுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு.' கொல்லன்கூட, "அக்கா, என் பட்டறைல இருக்கறதெல்லாம் அழிஞ்சிடுமே" என்றான்.

"என் கேடயமும்தான் அழியும்" என்றாள்.

அந்தக் கேடயம் எல்லாருக்கும் தெரியும். கோட்டை முற்றுகைக் காலத்தில் வாசலில் விழாமல் நின்றதற்காகக் கிடைத்தது. சர்வரில் அது ஒன்றுதான் இருந்தது. அதற்கப்புறம் யாரும் அதிகம் வாதாடவில்லை.

முதலில் எழுந்தவன் அந்தக் கரையின் தலைவன் ஒத்தைக்கண்ணன். பத்து வருஷமாக அவளைப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளுவதே பிழைப்பாக இருந்தவன். "குச்சியா இருந்தாலும் உங்களைத் தள்ளத்தான் போறேன்" என்றான். "நான் வரேன்."

"வராதவங்க மேல கோபம் உண்டா அக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"உண்டு. வெளிய சொல்ல மாட்டேன்" என்றாள்.

அழிக்கிற அன்று வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அச்சகத்தில் புத்தகம் பைண்டிங் செய்கிறவர். விளையாட்டில் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டிய சின்ன மேஜைதான் அவளுடைய பாசறை. அதில் இரண்டு பேர் உட்கார இடம் இல்லை, மெஷினில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"நிச்சயமாத்தானே?" என்றார்.

"இல்லை. ஆனா பண்ணப்போறேன்."

அழிப்பதற்கு அந்த ஆளின் பெயரை அவளே தட்டச்சு செய்ய வேண்டும், கம்பெனி அப்படி வைத்திருந்தது. 'கேடயக்கா' என்று அடித்தாள். திரையில் அவள் கேடயத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள், மூச்சு ஏறி இறங்கியது, ஒன்றும் தெரியாதவள் மாதிரி. பொத்தானை அழுத்தினதும் இடம் காலியாகிவிட்டது. கேடயக்காவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, மூக்கும் சேர்ந்து ஒழுகியது. இந்த வயதில் இதற்குப் போய் அழுகிறோமே என்று அவள் வெட்கப்படவில்லை. வீட்டுக்காரர் எழுந்து போய்த் துண்டை எடுத்துவந்து கொடுத்தார், மெஷினுக்குள் இருந்த ஈரத் துண்டு.

புது ஆளுக்குப் பெயர் கேட்டது. கேடயக்கா என்று அடித்தாள். அழித்த பெயர் ஆறு மாதத்துக்குக் கிடைக்காது என்றது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இன்னொரு கட்டம் முளைத்தது. 'வருக புதியவரே! உங்களுக்கு ஒரு குதிரை இலவசம். ஏற்கிறீர்களா?' அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பெயர் கேட்ட கட்டத்தில் 'குதிரைவேண்டாம்' என்று அடித்து உள்ளே போனாள்.

உள்ளே போனதும் பொது அரட்டையில் எழுதினாள்: "யாரும் குதிரையைத் தொடாதீங்க. ஏற்கெனவே தொட்டுத்தான் இந்தக் கதி. நடந்து வாங்க."

அவள் எழுதினது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததற்கு அவள் பொறுப்பில்லை. அவள் பெயரைப் பார்த்த அடுத்த ஆள் 'குதிரைவேண்டாம்1' என்று வந்தான். அடுத்தவன் 2. சாயங்காலம் முடிவதற்குள் புதியவர்கள் வயல் முழுக்க ஒரே மாதிரி பழுப்புச் சட்டையும் ஒரே மாதிரி குச்சியுமாகக் குதிரைவேண்டாம்கள் திரிந்தார்கள். யார் கொல்லன், யார் ஒத்தைக்கண்ணன், பிரம்மதேவனுக்கே தெரியாது.

இன்னொரு கூத்தும் இருந்தது. புதியவர்கள் வயலில் எலி கொஞ்சம்தான். ஒன்று செத்தால் அடுத்தது முளைக்க நேரம் ஆகும். எப்போதாவது ஒருத்தர் வருகிற வயலில் நூற்றுக்கணக்கில் வந்து நின்றால் எலிக்கு எங்கே போவது? எலி தலை காட்டுவதற்குள் நாற்பது குச்சி அதன் மேல் விழுந்தது. யாருக்கு அனுபவம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஒரே அடிதடி. கேடயக்கா வேலிக்குப் பக்கத்தில் போய் நின்று, "வரிசைல நில்லுங்க. ஆளுக்கு ஒரு எலி. அடிச்சவங்க உடனே வயலை விட்டு வெளிய போங்க" என்று எழுதினாள். யார் சொல்கிறார்கள் என்று தெரியாமலே எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அவள் தன் முறையை விட்டுவிட்டு, வரிசையை ஒழுங்கு பண்ணினாள். அந்த வாரம் முழுக்க வேலைவிட்டு வந்து எலி வரிசை பார்ப்பதுதான் அவளுக்கு உத்தியோகம்.

மாதக் கடைசி நாள் சாயங்காலம் பலகையில் நானூற்று அறுபத்திரண்டு. வயலில் வரிசை தீர்ந்துவிட்டது. எலிகள் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தன, அடிக்க ஆள் இல்லை. வில்லை விட மனசு வராதவர்கள் விடவில்லை. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. கேடயக்கா தன்னுடைய எலியை அடித்தாள். நானூற்று அறுபத்து மூன்று. அவ்வளவையும் துறந்துவிட்டு, குச்சியோடு இந்த வயலிலேயே சாகப்போகிறோம் என்று அவளுக்குக் கசந்தது. தம்பியைக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்தாள். கெஞ்ச மாட்டேன் என்று திரும்ப வைத்தாள்.

வைத்த போன் அடித்தது.

"அக்கா" என்றான் தம்பி. "இந்த எலிங்க எங்கதான் ஒளிஞ்சிருக்கு? இங்க வேலியத் தவிர ஒண்ணும் காணோம்."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "எந்த வேலிடா?"

"புதியவர்கள் வயல். நான் மட்டும் இல்ல, எங்க படைல பாதி வந்திருக்கு. எல்லாரோட பழைய ஆளும் இங்கதானே சும்மா நின்னுட்டு இருந்துது."

"உன் மந்திரவாதி?"

"அழிச்சுட்டேன்" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியது. "அன்னிக்குச் சொல்லாமப் போனது தப்புக்கா."

அவள் உடனே உருகிவிடவில்லை. நான்கு வருஷத்துக் கோபத்தை எலிக்காகவெல்லாம் விட முடியாது. "கிணத்துக்குப் பின்னாடி பாரு, அங்கதான் முளைக்கும். வரிசைல நிக்கச் சொல்லு உன் ஆளுங்களை. முட்டிமோதிட்டு இருந்தா ஒருத்தருக்கும் கிடைக்காது."

பலகையில் எண் நகர்ந்தது. நானூற்று எழுபது, எண்பது, தொண்ணூறு. தொண்ணூற்றெட்டில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நகத்தைக் கடித்தாள். ஐந்நூற்றைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஐந்நூற்று முப்பது சொச்சத்துக்குப் போய் ஓய்ந்தது. வில்லைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் சிலரும் கடைசியில் சத்தம் போடாமல் வந்திருக்கிறார்கள்.

கம்பெனி மறுநாள் பெரிய எழுத்தில் அறிவித்தது: 'பழைய சர்வரில் புதியவர்களின் வெள்ளம்!' தங்கள் விளம்பரத்தின் வெற்றி என்று தங்களையே மெச்சிக்கொண்டது. ஐந்நூறு பேருக்கு ஏன் ஒரே பெயர் என்று கேட்க அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. சர்வர் ஓடும் என்று கடைசி வரியில் இருந்தது, அது போதும்.

அன்று சாயங்காலம் எல்லாரும் பாலத்துக்கு நடந்தே போனார்கள். குதிரையில் போனால் நாலு நிமிஷம். நடந்தால் காட்டைச் சுற்ற வேண்டும், வழியில் ஓநாய் கடித்துப் பாதிப் பேர் செத்து, திரும்பப் பிறந்து, திரும்ப நடந்தார்கள். பாலத்தில் சேர்ந்த பிறகு பெரிய குழப்பம். பழுப்புச் சட்டை, குச்சி, தலைக்கு மேல் குதிரைவேண்டாம், குதிரைவேண்டாம்212, குதிரைவேண்டாம்40. எந்தக் கரைக்காரன் எந்தக் கரையில் நிற்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. 'என் படை எங்கே' என்று ஐம்பது பேர் எழுதினார்கள்.

எண் இல்லாத பெயர் அவளுடையது ஒன்றுதான். ஆனால் கூட்டத்தில் பெயரின் மேல் பெயர் ஏறி நின்றதில் அதை யார் பிரித்துப் படித்தார்கள்? பின்னாலிருந்து யாரோ, "கொஞ்சம் தள்ளிக்கோங்க, மறைக்குது" என்று அவளிடமே எழுதினான். கையில் கேடயம் இல்லை. குச்சியைத் தூக்கினால் ஒரு காக்காகூடப் பறக்காது. புது சர்வரில் தூக்கி எறியப்பட்ட அன்றைக்கு வந்த அதே வெறுமை திரும்ப வந்தது. நானும் ஒரு குதிரைவேண்டாம்தானா இனிமேல் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், ஸ்பேஸ் கீ மாட்டுகிறதா என்று பார்க்க இரண்டு தடவை தட்டினாள்.

அவளுடைய ஆள் இரண்டு குதி குதித்தாள்.

பக்கத்தில் நின்றவன் திரும்பினான். "அக்காவா?" என்று எழுதினான். அவன் கொல்லன். அவன் கேட்டு முடிப்பதற்குள் முன்வரிசை விலகி வழி விட்டது. பின்னால் ஒருத்தன் குதித்தான், பிறகு பத்துப் பேர், பிறகு இந்தக் கரை முழுக்கப் பழுப்புச் சட்டைகள் எழும்பி எழும்பி இறங்கின. அதுவரைக்கும் தவறான கரையில் நின்றிருந்தவர்கள் அதைப் பார்த்து அங்கிருந்து இங்கே ஓடிவந்தார்கள், இங்கே இருந்தவர்கள் அங்கே ஓடினார்கள். ஒரு நிமிஷத்தில் பாலம் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

தம்பி போனில் இருந்தான், சத்தத்தில் காது கிழிந்தது. "அக்கா, நான் எங்க நிக்கட்டும்?"

"எதிர்ப்பக்கம் போய் நில்லு" என்றாள். "உன்னை அடிக்க வேண்டியது நிறைய பாக்கி இருக்கு."

அவன் சிரித்துக்கொண்டே எதிர்க்கரைக்கு ஓடினான். அங்கே முன்னால் ஒருத்தன் குச்சியை நீட்டிக்கொண்டு அவளையே பார்த்து நின்றான். ஒத்தைக்கண்ணனைத் தவிர வேறு யார் அப்படி நிற்கப்போகிறார்கள்?

திரையின் ஓரத்தில் கட்டம் மறுபடியும் முளைத்தது. 'உங்கள் குதிரை இன்னும் காத்திருக்கிறது. ஏற்கிறீர்களா?' கேடயக்கா 'இல்லை' என்பதை அழுத்திவிட்டு, குச்சியைக் கேடயம் மாதிரி குறுக்கே பிடித்துக்கொண்டு பாலத்தின் நடுவுக்கு நடந்தாள்.